ஒகையோவுக்கு ஓர் ஆள்

என் கணவர் ட்ரக் ஓட்டினார். அந்த ட்ரக்கை ஓடவிட்டவள் நான். விருந்தினர் முன்னால் இதை நான் சொல்லும்போதெல்லாம் அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துச் சிரிப்பார். மறுத்ததில்லை. மறுத்தால் அடுத்த வாரமே எல்லையில் மாட்டிக்கொண்டு எனக்குத்தான் ஃபோன் எடுக்க வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டொரோன்டோவில், பார்க்டேலில் கரப்பான்பூச்சிகளோடு பங்குபோட்டு இருந்த அப்பார்ட்மென்ட்டை விட்டு, ரூஜ் பக்கம் ஒரு வீட்டுக்கு வந்திருந்தோம். பேஸ்மென்டில் சலவை மெஷினுக்கும் ஃபர்னஸுக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு ஃபக்ஸ் மெஷின், கால் ஆடும் ஒரு கதிரை. அதுதான் எங்கள் கம்பனியின் தலைமையகம். ட்ரக் ஒன்றே ஒன்று. விட்பியில் கார் இருக்கைகளுக்குப் பஞ்சு செய்யும் ஒரு தொழிற்சாலை, திங்கட்கிழமைகளில் எங்களுக்கு ஒரு லோட் தரும். அதை ஏற்றிக்கொண்டு மிச்சிகன், ஒகையோ தாண்டிக் கென்ரக்கியில் போய் இறக்க வேண்டும். அந்தத் திங்கள் லோட்தான் எங்கள் வீட்டுச் சோறு.

அமெரிக்காவுக்குள் சரக்கு கொண்டுபோக நல்ல ட்ரக்கும் நல்ல சாரதியும் போதாது. வாஷிங்டனில் உள்ள மத்திய அலுவலகத்திலிருந்து ஓர் அனுமதி எடுக்க வேண்டும். ட்ரக்காரர்கள் அதை ‘ஓதோரிட்டி’ என்பார்கள். அதற்கென்று ஓர் இலக்கம் தருவார்கள். என் கணவர் அதைக் கதவில் எழுதுவித்த அன்று ட்ரக்குக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தேசிக்காய் நசித்து, படமும் எடுத்தோம். எடுத்தாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று அவர் நினைத்தார். எடுப்பது பெரிய காரியமே இல்லை. அதைச் சாகவிடாமல் வைத்திருப்பதுதான் பாடு. இன்சூரன்ஸ் ஒரு நாள் அறுந்தாலும் அனுமதி நின்றுபோகும். இன்னுமொரு விதியும் இருந்தது. நாங்கள் கடந்துபோகும் ஒவ்வொரு மாநிலத்திலும் எங்களுக்கென்று அங்கேயே குடியிருக்கும் ஓர் ஆளைக் காட்ட வேண்டும். அந்த மாநிலத்தில் எங்கள் ட்ரக் யாருடைய வேலியையாவது இடித்துவிட்டு வந்து, அவர்கள் வழக்குப் போட்டால், கோர்ட்டுக் கடிதத்தை எங்கள் சார்பில் வாங்குவதற்கு அந்த ஆள். வேறு வேலை ஒன்றும் இல்லை. பெயரும் விலாசமும் கையெழுத்தும் தந்தால் போதும்.

இன்சூரன்ஸ் புரோக்கர் அப்போதே சொன்னார், இதற்கென்று கம்பனிகள் இருக்கின்றன, ஒரு கடதாசியில் எல்லா மாநிலத்துக்கும் ஆள் தருவார்கள் என்று. நான் உடனே தலையாட்டினேன். என் கணவர் சிரித்தார்.

“என்னத்துக்குக் கம்பனி? அங்க எங்களுக்கு ஆள் இருக்கு.”

இந்த வசனத்தை அவர் வாயால் நான் கேட்காத வாரம் இல்லை. பல்லுவலிக்கும் ஆள் இருக்கு, கூரை ஒழுகினாலும் ஆள் இருக்கு. அந்த ஆட்கள் வந்து கூரையைப் பார்த்து, சோறு சாப்பிட்டு, இன்னோர் ஆளின் நம்பரைத் தந்துவிட்டுப் போவார்கள். கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும்.

ஆனால் மாநிலங்களுக்கு அவர் ஆள் பிடித்த அழகைப் பார்த்து நானே வாயடைத்துப் போனேன். மிச்சிகனில் அவருடைய பள்ளிக்கூடத் தோழரின் மாமி இருந்தார். “கோட்டுக் கடிதத்தை வாங்கினா என்னைப் பிடிச்சுக்கொண்டு போவாங்களோ தம்பி?” என்று ஃபோனில் கேட்டுக்கேட்டு, கடைசியில் ஒவ்வொரு வாரமும் டொரோன்டோத் தமிழ்ப் பேப்பர் கொண்டுவந்து தரவேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு சம்மதித்தார். கென்ரக்கியில் ஒரு கோவிலில் பங்குத்தந்தையாக இருந்தவர் மன்னார்க்காரர். எங்கள் வீட்டில் சுவாமி அறை முழுக்கப் பிள்ளையாரும் முருகனும் இருக்க, எங்கள் கென்ரக்கி ஆள் கத்தோலிக்கச் சுவாமியார். “உங்களுக்காக மன்றாடவும் செய்யிறன், கடிதமும் வாங்கித் தாறன்” என்றார் அவர். நல்ல மனிதர்.

ஒகையோவுக்கு என் அண்ணை. கூடப்பிறந்தவர் இல்லை, என் பெரியம்மாவின் மகன். ஆனால் இந்தக் கண்டத்தில் எனக்கென்று இருந்த ஒரே சகோதரம் அவர்தான். கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் வேறு வேறு நாடுகளில். அண்ணை முரடர், ரோசக்காரர், பாசக்காரர். இந்த மூன்றும் எந்த நேரத்தில் எது வெளியே வரும் என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை பனியில் நெடுஞ்சாலையை மூடியபோது, என் கணவர் நின்ற ட்ரக் தரிப்பிடத்துக்குச் சோற்றுப்பார்சலோடு காரில் போய் நின்றவர். எப்படி வந்தீர்கள் என்று கேட்டதற்கு, “ரோட்டாலதான்” என்றாராம்.

இப்படி மூன்று மாநிலத்துக்கும் மூன்று உறவு என்று வண்டி நன்றாகத்தான் ஓடியது. அப்போதுதான் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் வந்தன. அண்ணை புது வீடு வாங்கிக் குடிபோனார். என் மகள் பெரியபிள்ளையானாள், அவளுக்குச் சாமத்தியவீடு செய்ய வேண்டும்.

புது வீடு என்றால் புது விலாசம். வாஷிங்டனுக்குப் புது விலாசத்தோடு அண்ணையின் கையெழுத்து அனுப்ப வேண்டும். அந்த ஃபோமை நான் நிரப்பி வைத்தேன். சாமத்தியவீட்டுக்கோ அண்ணைதான் தாய்மாமன். தேங்காய் உடைக்க வேண்டியவர், பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டியவர். அவருக்கு நேரே போய்ச் சொல்ல வேண்டும். வெற்றிலை பாக்கு வைத்து, அழைப்புக் கார்ட்டைக் கையில் கொடுத்து, “நீங்கள் வந்துதான் எல்லாம்” என்று வாயால் சொல்ல வேண்டும். ஹோல்காரன், சமையல்காரன், வீடியோக்காரன் மூவரோடும் சண்டை பிடித்துக்கொண்டிருந்த எனக்கு ஒகையோ போக நேரம் இல்லை. வாரம் தவறாமல் அந்த வழியால் போகிற மனுசன் வீட்டில் இருக்கும்போது எனக்கு என்ன கவலை? தட்டம், கார்ட், ஃபோம் எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்தேன். முதலில் சாமத்தியவீட்டைச் சொல்லுங்கள், சாப்பிடுங்கள், கடைசியில் ஃபோமை எடுங்கள் என்று ஒழுங்கும் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த வாரம் எல்லையில் அவருக்குத் தாமதம். அண்ணையின் புது வீடோ முட்டுச்சந்துக்குள். இவ்வளவு நீளமான ட்ரக் அதற்குள் திரும்பாது. இவர் என்ன செய்தார்? கார்ட்டையும் ஃபோமையும் ஒரு பேப்பர் கிளிப்பால் சேர்த்து, ஒரே உறையில் போட்டு, ட்ரக் தரிப்பிடத்துத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டார். ஃபோம் மேலே. கார்ட் கீழே.

தட்டம் ட்ரக்கிலேயே கிடந்தது. எனக்குச் சொல்லவில்லை. நான் அண்ணைக்கு ஃபோன் எடுத்து, “எல்லாம் கிடைச்சுதோ?” என்றேன். “ஓம், கிடைச்சது” என்றார். “வருவியள்தானே?” “பாப்பம்.” அடுப்பில் பயித்தம்பணியாரம் இருந்தது. நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

சாமத்தியவீட்டன்று ஸ்கார்பரோ ஹோலில் என் மகள் ஒரு பெரிய சிப்பிக்குள்ளிருந்து எழும்பினாள். வீடியோக்காரரின் யோசனை. “அம்மா, திஸ் இஸ் ஸோ எம்பரஸிங்” என்று பல்லைக் கடித்தபடியே படங்களுக்குச் சிரித்தாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணை வரவில்லை. ஐயர் அவசரப்படுத்த, தாய்மாமன் இடத்தில் என் கணவரின் ட்ரக் கூட்டாளி ஒருவர் நின்று தேங்காய் உடைத்தார். வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் பேப்பர் கிளிப் கதை வெளியே வந்தது. அன்று என் கணவர் என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதை எழுதினால் கடதாசி தாங்காது.

அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். அண்ணிதான் எடுத்தார். அண்ணை குளிக்கிறார் என்றார். எத்தனை தடவை எடுத்தாலும் அண்ணை குளித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு வாஷிங்டனிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் ஒகையோ ஆள் தன் பெயரை விலக்கிக்கொண்டார். இந்த மாதம் முடிவதற்குள் வேறு ஆளைக் காட்டாவிட்டால் அனுமதி இரத்தாகும். அண்ணை எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அமெரிக்க அரசாங்கத்துக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதியிருக்கிறார்! கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்கவும் பயம் பிடித்தது. அனுமதி இல்லாத ட்ரக்குக்கு விட்பிக்காரன் ஒரு பொதி பஞ்சுகூட ஏற்றமாட்டான். அடுத்த நாளே அந்த லோட் இன்னொருவனுக்குப் போய்விடும், போனால் திரும்பி வராது. ஒகையோவைச் சுற்றிக் கென்ரக்கிக்குப் போவதென்றாலும் அந்த வழி மாநிலத்துக்கு எங்களுக்கு ஆள் இல்லை.

நான் புரோக்கரிடம் சொல்லி அந்தக் கம்பனியின் கடதாசியை எடுப்பித்தேன். ஒரே ஒரு கையெழுத்து, எல்லாம் முடிந்துவிடும். என் கணவர் பேனையைக் கையில் எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார்.

“உதில கையெழுத்து வைச்சா மச்சானை நாங்கள் வெட்டினதாப் போயிடும்.”

“அவரல்லோ எங்களை வெட்டினவர்!”

“கோவத்தில செய்தது. நாங்கள் யோசிச்சல்லோ செய்யிறம்.”

சில நேரம் இந்த மனுசன் இப்படித்தான், நான் கத்திக்கொண்டிருக்கும்போது சரியான ஒன்றைச் சொல்லிவிடுவார். மாதக் கடைசி திங்கட்கிழமையில் வந்தது. அன்று காலை வாஷிங்டனுக்கு ஃபக்ஸ் போக வேண்டும். அதற்கு முந்திய சனிக்கிழமை காரை எடுத்தோம். என் கைப்பையில் இரண்டு கடதாசிகள். ஒன்று அண்ணைக்கு, ஒன்று கம்பனிக்கு.

தட்டத்தில் பழம், வெற்றிலை, பாக்கு, தேங்காய், பலகாரம் எல்லாம் அடுக்கி மகளின் மடியில் வைத்திருந்தேன். எல்லையில் அதிகாரி பழத்தையும் வெற்றிலையையும் தேங்காயையும் எடுத்துக்கொண்டார். “இது என்ன?” என்று பலகாரத்தைக் காட்டினார். “ஸ்வீட்ஸ்” என்றாள் மகள். அவர் ஒன்றை எடுத்து மணந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். ஒகையோவில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் வாழைப்பழமும் தேங்காயும் வாங்கித் தட்டத்தை நிரப்பினோம். வெற்றிலைக்கு மட்டும் வழியில்லை.

நாங்கள் போய் இறங்கியபோது அண்ணை புல் வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டார். மெஷினை நிறுத்தவில்லை. வெட்டிய புல்லையே திரும்ப வெட்டத் தொடங்கினார். நாங்கள் மூவரும் டிரைவ்வேயில் தட்டத்தோடு நின்றோம். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் தோட்டக் குழாயைப் பிடித்தபடி எங்களையே பார்த்தார். கடைசியில் வெட்டுவதற்குப் புல் இல்லாமல் போகத்தான் மெஷின் நின்றது.

“வாங்கோ” என்றார் அண்ணை, புல்லைப் பார்த்து.

உள்ளே தேத்தண்ணீர் வந்தது. அண்ணை காலநிலை பேசினார். என் கணவர் காலநிலை பேசினார். நாங்கள் கொண்டுபோன சாமத்தியவீட்டு வீடியோவைப் போட்டோம். இரண்டு கசெட். தாய்மாமன் இடத்தில் ட்ரக் கூட்டாளி வந்து நின்றதும் அண்ணை ரிமோட்டை எடுத்து, தேங்காய் உடைத்து முடியும்வரை வேகமாக முன்னுக்கு ஓடவிட்டார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல ரிமோட்டை வைத்தார். நான் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன். ஃபோமைப் பற்றி வாய் திறந்தால் ஃபோமுக்காகத்தான் வந்தோம் என்று ஆகிவிடும். திறக்காவிட்டால் திங்கட்கிழமை வந்துவிடும்.

“பைக்குள்ள என்ன?” என்றார் அண்ணை திடீரென்று.

பொறுமை எனக்குப் பிறவியிலேயே குறைவு. இரண்டு கடதாசிகளையும் எடுத்து மேசையில் போட்டேன்.

“இது உங்கட. இது கம்பனியின்ர. இரண்டில ஒண்டு திங்கள் போகவேணும். கம்பனியின்ர போனாலும் ட்ரக் ஓடும். ஆனா நான் அழுவன். இப்ப சொல்லுங்கோ.”

அண்ணை கண்ணாடியைப் போட்டார். தன்னுடையதை விட்டுவிட்டுக் கம்பனியின் கடதாசியை எடுத்தார்.

“உதில ஒகையோ எண்டு ஒருத்தன்ர பேர் கிடக்கு. ஆர் இவன்?”

“தெரியாது.”

“இவனுக்கு உன்ர பிள்ளையைத் தெரியுமோ?”

“தெரியாது.”

“பனிக்குள்ள மச்சான் நிண்டால் இவன் வருவானோ?”

“ஏன் வாறான்? அவன் கடிதம் மட்டும்தான் வாங்குவான்.”

“பேந்தென்ன கோதாரிக்கு இவன்?” என்று அண்ணை கத்தினார். தானே விட்டுப்போன இடத்தில் இன்னொருவன் இருக்கப்போகிறான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அந்தக் கத்தலோடு மற்றதும் வெளியே வந்தது. “தாய்மாமனுக்குத் தபாலில கார்ட். அதுவும் ஃபோமுக்குப் பின்னால, கிளிப் போட்டு. நான் உங்களுக்கு ஆளோ, தபால்பெட்டியோ?”

என் கணவர் தலையைக் குனிந்தார். “ட்ரக் உங்கட ரோட்டுக்குள்ள திரும்பாது மச்சான்.”

“ட்ரக்கை மெயின் ரோட்டில விட்டிட்டு நடந்து வந்திருக்கலாம்.”

“ஓம். வந்திருக்கலாம்.”

அவ்வளவுதான் சொன்னார். சமாதானம் சொல்லவில்லை, காரணம் சொல்லவில்லை. அண்ணைக்கு அதற்கு மேல் சண்டை பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போது அண்ணி உள்ளே போய் ஒரு சிறிய நகைப்பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“கார்ட் வந்த அண்டே வாங்கின சங்கிலி. வேலையில லீவும் சொல்லிப்போட்டார். சாமத்தியவீட்டண்டு விடியவே கோட் சூட் போட்டுக்கொண்டு உந்தக் கதிரையில இருந்தவர். ஒருத்தர் ஃபோன் எடுத்து ‘வாங்கோ’ எண்டு சொன்னாக் கார் எடுத்திருப்பார்.”

“நீ சும்மா இரு” என்றார் அண்ணை.

நான் அழுதேன். அழுவேன் என்று மிரட்டியதை மறந்து, கேட்காமலே அழுதேன்.

அண்ணை எழும்பினார். தட்டத்திலிருந்து தேங்காயை எடுத்தார்.

“முதல்ல என்ர வேலை. பேந்து உங்கட வேலை.”

மகளைக் கராஜ் வாசலில் கிழக்குப் பார்க்க நிறுத்தினார். அவள் ஜீன்ஸ் போட்டிருந்தாள். “மாமா, ஹியர்? பக்கத்துவீட்டு ஆக்கள் பாக்கினம்” என்றாள். “பாக்கட்டும்” என்று மாமா தேங்காயை ஓங்கிச் சீமெந்தில் அடித்தார். சுப்பர்மார்க்கெட் தேங்காய் ஒரே அடியில் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி டிரைவ்வேயால் உருண்டு தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்காரரின் காலடியில் போய் நின்றது. அவர் அதை எடுத்து, குழாய்த் தண்ணீரில் கழுவி, இரண்டு கையாலும் கொண்டுவந்து தந்தார். அண்ணை மகளின் கழுத்தில் சங்கிலியைப் போட்டார். பிறகு என்னிடமிருந்து பேனையைப் பறித்து, எங்கள் காரின் பொனட்டில் வைத்து, புது விலாசத்துக்குக் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ஃபக்ஸ் போனது. ட்ரக்கும் போனது. அன்று ஒகையோவில் என் கணவர் ட்ரக்கை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு அண்ணை வீட்டுக்கு நடந்து போய்ச் சாப்பிட்டாராம். கோழிக்குழம்பு என்று எனக்கு ஃபோனில் சொன்னார்.

அதற்குப் பிறகு மிச்சிகன் மாமி மகனோடு டெக்சஸ் போய்விட்டார். கென்ரக்கிச் சுவாமியாருக்கு மாற்றம் வந்தது. எங்களுக்கும் புது மாநிலங்களுக்கு லோட் கிடைத்தது. ஒன்றொன்றுக்கும் உறவு தேடிக் களைத்துப்போய், ஒருநாள் என் கணவரே பேனையை எடுத்துக் கம்பனிக் கடதாசியில் கையெழுத்து வைத்தார். நான் அதை எடுத்து, ஒகையோவுக்கு நேரே இருந்த பெயரைக் கோடு போட்டு வெட்டி, மேலே அண்ணையின் பெயரை எழுதினேன். அத்தனை வருடத்தில் அண்ணைக்கு ஒரு கோர்ட்டுக் கடிதமும் வரவில்லை. “இன்னும் ஒண்டும் வரேல்லை” என்று இடைக்கிடை ஃபோன் எடுத்து ஏமாற்றத்தோடு சொல்வார்.

புரோக்கருக்கு மட்டும் விளங்கவில்லை. கம்பனியிடம் ஒகையோவுக்கும் ஆள் இருக்கும்போது எதற்கு இந்த ஒரு மாநிலத்துக்கு மட்டும் தனியாக ஒருவர் என்று ஃபோனில் கேட்டார். என் கணவர் பக்கத்தில் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்காமலே சொன்னேன்.

“அங்க எங்களுக்கு ஆள் இருக்கு.”